கோவையா, பாலக்காடா? மனசுக்கு எந்த ஊர் நல்லது?

சித்தூர்ப்புழை எழுதியது:

வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். எனக்கு வேலை கோவையில், வீடு கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில். தினமும் வேலந்தாவளம் வழியாகப் போய் வருகிறேன். பையன் பத்தாவது முடிக்கப் போகிறான், பேசாமல் கோவைக்கே குடிபோய்விடலாம் என்கிறாள் மனைவி. அம்மா இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் கணக்குப் பார்த்தாயிற்று. அந்தக் கணக்கில் வராத ஒன்றைத்தான் இங்கே கேட்க வந்தேன். சில ஊர்களில் ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். சில ஊர்களில் எல்லா வசதியும் இருந்தும் எல்லாரும் எரிச்சலாகவே அலைகிறார்கள். இது எதனால்?

உலக மகிழ்ச்சி அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். 2012இல் தொடங்கியது. அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: 0 முதல் 10 வரை படி உள்ள ஏணி ஒன்று இருக்கிறது, உச்சியில் உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமானது, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் பின்லாந்துதான் முதலிடம். 2025இல் 147 நாடுகளில் இந்தியா 118. 2020 அறிக்கையில் நகரங்களைத் தனியாக வரிசைப்படுத்தினார்கள். 186 நகரங்களில் ஹெல்சிங்கி முதல், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் இரண்டு, நியூசிலாந்தின் வெலிங்டன் மூன்று. டெல்லி 180.

நம் மத்திய அரசும் வாழ எளிதான நகரங்கள் என்று 2020க்கு ஒரு பட்டியல் போட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூரு முதல், கோவை ஏழாவது. பெங்களூரில் இருக்கும் என் மச்சானிடம் ஊர் எப்படி என்று கேட்டால் டிராஃபிக்கைப் பற்றி மட்டும்தான் பேசுவார். அதனால் பட்டியலை வைத்து முடிவெடுக்க மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

நகரிக்காரன்:

நான் ஆந்திரா எல்லை, நகரி. முதலில் ஒரு கேள்வி: காலையும் மாலையும் வண்டியில் போகும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? பெட்ரோல் செலவாக மட்டுமா?

எங்கள் பக்கம் விசைத்தறி நன்றாக ஓடிய காலத்தில் ஆண்கள் ஊரிலேயே இருந்தார்கள். இப்போது இளவட்டங்களில் பாதிப் பேர் திருத்தணி, அரக்கோணம் வழியாகச் சென்னை போகிறார்கள். சம்பளம் தறியைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். என் அப்பா தறிப்பட்டறையில் சம்பாதித்தது கம்மி, மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இதை வெறும் பழைய நினைப்பு என்று தள்ள வேண்டாம். சூரிச்சைச் சேர்ந்த ஸ்டுட்சர், ஃப்ரை என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டு எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து இதைப் பார்த்தார்கள். தூரம் போகிறவனுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் சம்பளமோ மலிவான வீடோ கிடைத்திருக்க வேண்டும், மனநிறைவு சமமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. பயணம் நீள நீள நிறைவு குறைந்துகொண்டே போனது. 2004இல் டெக்சஸில் வேலைக்குப் போகும் பெண்கள் சுமார் 900 பேரிடம் முந்தின நாளை மணிக்கு மணி நினைவுகூரச் சொன்னபோது, மிகக் கசப்பான நேரம் என்று வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான்.

நீங்கள் சொன்ன அறிக்கையிலேயே 2025இல் கூட்டாகச் சாப்பிடுவதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. அடுத்தவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் வாழ்க்கையை உயர்வாக மதிப்பிடுகிறார்கள், எந்த நாடானாலும். எனக்கு அதைப் படிக்க அறிக்கை தேவைப்படவில்லை.

பீளமேடு பட்டறை:

கோவைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் ஊரை எரிச்சல் பிடித்த ஊர் வரிசையில் சேர்த்துவிடாதீங்க. கையில் தொழில் இருந்தால் இங்கே பட்டினி கிடையாது. லேத் ஒன்று போட்டு ஜாப் ஒர்க் பிடித்தால் பக்கத்துப் பட்டறைக்காரரே மீதி ஆர்டரைத் தள்ளிவிடுவார். டூல் உடைந்தால் ஓடிப்போய்க் கேட்டு வாங்கி வரலாம். இதுவும் அக்கம்பக்க உறவுதானே? வருமானம் இல்லாத ஊரில் எத்தனை திண்ணை இருந்து என்ன பயன்.

அப்புறம், ரேஸ்கோர்ஸ் நடைபாதை, வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் கரை. சாயங்காலம் குடும்பத்தோடு சும்மா உட்கார்ந்து வரலாம். பக்கத்தில் வீட்டு வேலை செய்கிறவரும் மில் முதலாளியும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறும் விடுமுறை நாளும் 120 கிலோமீட்டருக்கு மேல் சாலையை மோட்டார் வண்டிக்கு மூடி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிறார்கள். பணக்கார நாடு கிடையாது. 1998இல் மேயரான பெனலோசா பெரிய மேம்பாலச் சாலைத் திட்டத்தைக் கைவிட்டு நடைபாதை, பூங்கா, நூலகம், பஸ் என்று பணத்தைத் திருப்பினார். ஏழையும் பணக்காரனும் சமமாக நிற்கிற இடம் ஊருக்குள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. இது என் கருத்து.

கல்பாத்தி வாசி:

பீளமேடு தம்பி சொன்னது சரி. ஆனால் திண்ணையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம்.

பாலக்காடு கல்பாத்தியில் எங்கள் கிராமத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். (இங்கே அக்ரஹாரத்தைக் கிராமம் என்றுதான் சொல்லுவோம்.) ஒட்டு வீடுகள், நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, வாசலில் திண்ணை. தேர் ஓட வேண்டும் என்பதால் தெரு அகலம். ஆனால் அந்தத் தெரு வழியாக வேறு ஊருக்குப் போகும் வண்டி எதுவும் வராது. வருவது காய்கறி வண்டி, பால்காரர், நம் வீட்டு ஸ்கூட்டர், அவ்வளவுதான். அதனால் எதிர்வீட்டு மாமியோடு தெருவைக் கடக்காமலே பேசலாம், குரலை உயர்த்தவும் வேண்டாம்.

இதையே அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர், 1969இல், சான் பிரான்சிஸ்கோவில். ஒரே மாதிரி மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளைக்கு 2000 வண்டி, இரண்டாவதில் 8000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்கும் குறைவு, 0.9. உங்கள் வீட்டுப் பகுதி எது, வரைந்து காட்டுங்கள் என்றபோது முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வரைந்தார்கள். கடைசித் தெருக்காரர்கள் தங்கள் கட்டிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, அப்படிப்பட்ட தெருவில் இருக்கிற நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்பீர்கள். திண்ணை இருக்கிறது. உட்கார ஆள் குறைந்துவிட்டது. பிள்ளைகள் பெங்களூர், துபாய், அமெரிக்கா. நவம்பரில் ரதோற்சவத்துக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், முடிந்ததும் வரிசையாகப் பூட்டு. என் மனைவி படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் எங்களைத் தாங்கியது உறவினர்கள் இல்லை, தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் வாலண்டியர்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி கேரளம் முழுக்கப் பரவிய வேலை அது, 2008இல் அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. வாரம் தவறாமல் ஒரு பெண்மணி வருவார், புண்ணைத் துடைத்துக் கட்டுவார், போகும்போது என்னிடமும் “மாமா சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பணம் வாங்க மாட்டார். எந்த ஊர் நல்ல ஊர் என்று கேட்டால் எனக்கு அந்தப் பெண்மணிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

மாமாவின் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஆனாலும் என் பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊர் நல்லது என்று இங்கே எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா? ஆறரைக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நின்றால் அடுத்த நாள் மூன்று பேர் வீட்டில் விசாரிப்பார்கள். அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அக்கறை சின்ன வயதில் என்னை எவ்வளவு கட்டிப்போட்டது என்று எனக்குத்தான் தெரியும். கோவையில் பி.எட் படித்த காலத்தில் காந்திபுரத்தில் இறங்கி, யாரும் என்னைக் கவனிக்காமல், கூட்டத்தோடு நடந்து போனதில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. சித்தூர்ப்புழை தம்பி, உங்கள் மனைவி ஏன் கோவை என்கிறார் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா?

வியன்னாவில் 1990களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது நின்றுவிடுகிறது. பையன்கள் மொத்த மைதானத்தையும் பந்து விளையாட எடுத்துக்கொள்கிறார்கள், இவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். உடனே சில பூங்காக்களை மாற்றினார்கள்: பாதை, வெளிச்சம், வாலிபால் மாதிரி வேறு விளையாட்டுக்கு இடம், சின்னச் சின்னக் குழுவாக உட்காரத் தடுப்பு. பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எங்கள் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பாருங்கள், முழுக்கப் பையன்கள்தான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்கிறேன். நான் திரும்ப இங்கேயே வந்து இருப்பதற்குக் காரணம் அயல்கூட்டம், கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் குழு. குடும்பஸ்ரீ 1998இல் வந்தது. பத்து இருபது பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம், சிட்டையில் சேமிப்பை எழுதுகிறோம், கடன் கேட்கிறவர்களைப் பற்றிப் பேசி முடிவெடுக்கிறோம். என் அம்மா காலத்தில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே உட்காரக் காரணம் என்றால் கோயில் அல்லது சாவு. இப்போது ஞாயிறு மூன்று மணிக்கு “கூட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இதைக் கோவை அபார்ட்மெண்டில் எனக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஒற்றப்பாலம் ரோடு:

எல்லாரும் கேரளத்தைத் தூக்கிப் பேசுகிறீர்கள். தேசியக் குற்றப் பதிவேட்டுக் கணக்குப்படி 2022இல் தற்கொலை விகிதம் நாட்டில் லட்சத்துக்கு 12.4, கேரளத்தில் 28.5. படிப்பு, ஆஸ்பத்திரி, அயல்கூட்டம் எல்லாம் இருந்தும் ஏன்? தமிழ்நாடும் குறைவில்லை, 25.9.

கொல்லங்கோடு வடக்கே:

இந்தக் கேள்வியை நானும் இங்கே வந்த புதிதில் கேட்டேன். நான் இருப்பது பின்லாந்து, ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில். முதலிடம் பிடித்த நாடு என்றால் தெருவில் எல்லாரும் சிரித்துக்கொண்டே போவார்கள் என்று நினைத்து வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பேச மாட்டார். டிசம்பரில் மூன்றரைக்கெல்லாம் இருட்டு. மொழி வராதவனுக்கு ஒரு நண்பர் கிடைப்பதே பெரும்பாடு. அம்மா கையால் ஒரு வாய் மோர்க்குழம்பு கிடைக்காதா என்று தவித்த ராத்திரிகள் உண்டு.

ஒற்றப்பாலம் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். 1990இல் பின்லாந்தின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 30 அளவில் இருந்தது. இன்றைய கேரளத்தைவிட அதிகம். 1986 முதல் 1996 வரை அரசு ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. ஓராண்டில் நடந்த எல்லாத் தற்கொலைகளையும், இறந்தவரின் குடும்பத்தாரிடம் பேசி, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். மனச்சோர்வுக்குச் சரியான மருத்துவம், குடி, பட்டாளத்துக்கு வரும் இளைஞர்களோடு பேசுவது, செய்தித்தாள்கள் எப்படி எழுத வேண்டும் என்பது வரை மாற்றினார்கள். இன்று விகிதம் பாதிக்கும் கீழே. ஆக, நிம்மதியான நாடு தானாக அமையவில்லை. துக்கத்தை மறைக்காமல் எண்ணிப் பார்த்தார்கள், அதுதான் தொடக்கம்.

இங்கே எனக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால் இரண்டு சொல்லுவேன். ஒன்று, ஊடி நூலகம். 2018 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே திறந்தார்கள். மாடியில் தையல் மிஷின் வரிசை, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தைக்கலாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழிந்த ஜாக்கெட்டைத் தைக்கப் போனேன். பக்கத்து மிஷினில் ஒரு பாட்டி திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார், நூல் கோக்கத் தெரியாமல் முழித்த எனக்குப் பேசாமல் கோத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கையில் காசில்லாதவனும் பகல் முழுக்க மரியாதையாக இருக்கிற இடம் அது. இரண்டாவது, நம்பிக்கை. 2013இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் 16 நகரங்களில் பன்னிரண்டு பன்னிரண்டு பர்ஸ்களைக் கீழே போட்டுப் பார்த்தது. ஹெல்சிங்கியில் 11 திரும்பி வந்தது. இரண்டாவது இடம் எந்த ஊர் தெரியுமா? மும்பை, 12க்கு 9. நம் ஆட்களைப் பற்றி நாமே குறைவாக நினைக்கிறோம்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மனசு கனமாக இருந்தால்: உதவி எண்கள், கேரளத்தில் திஷா 1056, நாடு முழுக்க டெலிமானஸ் 14416. இரண்டும் எந்த நேரமும் எடுப்பார்கள். 14416இல் தமிழிலும் பேசலாம்.

தேயிலைமலை:

நான் தேவிகுளம் தாலுகா, மூணாறு பக்கம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். இங்கே ஊர், நகரம், பூங்கா என்று நீங்கள் பேசுவதை மூன்று நாளாக வாசிக்கிறேன். ஊரின் அழகில் சந்தோஷம் இருக்கிறது என்றால் உலகத்திலேயே நாங்கள்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கும் பச்சை மலை முழுக்க எங்கள் கை பட்டது.

எங்கள் குறை வேறு. எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு நம்முடையது இல்லை. அம்மா ரிட்டயர் ஆனதும் குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் வீடு. அதனால் படித்த பிள்ளைகூட ஒன்று தோட்டத்துக்குப் போக வேண்டும், இல்லை வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவது என்ற கவலையோடு கொழுந்து எடுக்கிறவளுக்கு மலைக்காற்று என்ன செய்யும்? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், எல்லாம் லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த நம் சனம்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் தாங்களாகவே கூடி ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று அதற்குப் பெயர். போனசைக் குறைத்ததற்காக. யூனியன் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. என் அம்மா அதில் இருந்தார். வெயில், மழை, சோறு இல்லை, போலீஸ். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அம்மா முகத்தில் வருகிற வெளிச்சம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. கேட்டதை ஜெயித்தார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. முதல்முறையாக அவர்கள் பேச்சை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

சித்தூர்ப்புழை:

தேயிலைமலை, உங்கள் பதிவை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். டீச்சரக்கா கேட்டபடி அவளிடம் உட்கார்ந்தும் பேசினேன். அவளுக்குக் கோவை மேல் அப்படி ஒன்றும் ஆசை இல்லை. நான் ராத்திரி வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன், அம்மாவின் மாத்திரை முதல் பையனின் ஸ்கூல் வரை எல்லாவற்றையும் அவளே தனியாக முடிவெடுக்கிறாள், அதுதான் பாரம். கோவையில் இருந்தால் நான் ஏழு மணிக்காவது வீட்டில் இருப்பேன் என்பது அவள் கணக்கு. நகரிக்காரர் முதலிலேயே சொன்னது இதைத்தான்.

தேயிலைமலை சொன்னதற்குச் சான்றும் இருக்கிறது. ஃப்ரை, ஸ்டுட்சர் இருவரும் 2000இல் சுவிட்சர்லாந்தைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. எந்த மாநிலத்தில் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு முடிவெடுக்க அதிக உரிமை இருக்கிறதோ அங்கே நிறைவு அதிகம். அங்கேயே வசித்தும் ஓட்டில்லாத வெளிநாட்டவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. நல்ல சாலையும் நல்ல ஆஸ்பத்திரியும் இருவருக்கும் ஒன்றுதான், முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. இங்கே கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று சட்டம். நான் போனதே இல்லை, வேலைநாள் என்று விட்டுவிடுவேன். கல்பாத்தி மாமா மாதிரிப் பெரியவர்களுக்காக எங்கள் பஞ்சாயத்தில், பகலில் கூடி இருக்க ஒரு பகல்வீடு கேட்கலாம் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கும் பேச ஆள் கிடைக்கும். ஆனால் மலையாளத்தில் மனு எழுத எனக்குத் தைரியம் போதாது.

மீனாட்சிபுரம் டீச்சர்:

தமிழிலேயே எழுதுங்கள் தம்பி. கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். கவுண்டரில் முகம் சுளித்தால் பொறுமையாக அதைச் சொல்லுங்கள். பெயர் போட்டு, வார்டு எண் போட்டு, பகல்வீடு தேவைப்படும் முதியவர்கள் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். அயல்கூட்டத்துப் பெண்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அப்போது சபையில் ஆளும் சேரும்.

பீளமேடு பட்டறை:

ஒரு யோசனை. வீட்டை மாற்றுவதற்குப் பதில் வேலையை மாற்ற முடியுமா பாருங்க. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் மெஷினிங், ஃபவுண்டரி யூனிட்கள் நிறைய. எங்கள் கஸ்டமர்கள் சிலர் அங்கேதான் இருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் குறையலாம்.

சித்தூர்ப்புழை:

கஞ்சிக்கோடு எங்கள் வீட்டிலிருந்து மேனோன்பாறை வழியாகப் போனால் பாதித் தூரம்கூட இல்லை அண்ணா. சம்பளம் எவ்வளவு குறையும் என்று தெரிந்தால் இன்றைக்கே மனைவியோடு உட்கார்ந்து பேசிவிடுவேன். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி, விஎம்சி மிஷின் இரண்டும் ஓட்டத் தெரியும், புரோகிராமும் எழுதுவேன். ஷிஃப்ட் நேரம் எப்படி? ராத்திரி ஷிஃப்ட் கட்டாயமா?

பீளமேடு பட்டறை:

புரோகிராம் எழுதத் தெரிந்த ஆளுக்கு அங்கே தட்டுப்பாடுதான். பெரிய யூனிட்டில் மூன்று ஷிஃப்ட் சுற்றும், சின்ன யூனிட்டில் பெரும்பாலும் பகல் மட்டும். பயோடேட்டாவைத் தனிச்செய்தியில் அனுப்புங்க, திங்கள்கிழமை இரண்டு இடத்தில் கேட்டுச் சொல்கிறேன்.